குளிர் ஒரு வாரம், அலமாரி ஒரு வருடம்: கோலாலம்பூர்வாசிகளுக்கான ஃபிளீஸ் துணி – முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரில் குளிராடை தேடிப் போனால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "எங்கே போறீங்க?" என்பதுதான். நம்மிடமும் பதில் தயாராக இருக்கும்: கேமரன் மலை, கெந்திங், கினாபாலு, மகளைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்க இங்கிலாந்து, பத்ரிநாத் யாத்திரை. ஊர் திரும்பியபின் அந்த உடுப்பை எங்கே வைக்கப்போகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. அந்த உடுப்பு ஒரு வாரம் குளிரில் இருக்கும். மற்ற ஐம்பத்தோரு வாரமும் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியிலோ கிள்ளான் தாமான் வீட்டிலோ, 80 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதத்தில், இருட்டு அலமாரிக்குள் கிடக்கும். குளிர்நாட்டவர் எழுதும் கம்பளிப் புகழ்ச்சியை நாம் அப்படியே ஏற்க முடியாததற்கு இதுதான் காரணம். நம் வீட்டுக்கு ஒத்துவரும் மாற்று, பாலியெஸ்டரில் செய்த ஃபிளீஸ். அதைப் புதிதாக வாங்குபவருக்கும் மீட்டர் கணக்கில் வாங்கித் தைக்க நினைப்பவருக்கும் இந்த வழிகாட்டி.

படி 1: உங்கள் குளிர் எது?

நம்மில் பலர் ஆண்டு முழுக்க அனுபவிப்பது ஏர்கோன் குளிர். அரசுக் கட்டடங்களில் குளிரூட்டியை 24 டிகிரிக்குக் கீழே வைக்கக் கூடாது என்று 2011இலேயே அறிவிப்பு வந்தது. திரையரங்குகளும் தனியார் அலுவலகங்களும் விரைவுப் பேருந்துகளும் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. பண்டார் தாசேக் செலாத்தான் முனையத்தில் இரவு பஸ் ஏறியவர்களுக்கு, தலைக்கு மேலே மூட முடியாத அந்தக் காற்றுத் துளையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. இந்தக் குளிருக்கு மெல்லிய ஃபிளீஸ் ஒன்று, அல்லது அதே துணியில் ஒரு சால்வை போதும்.

அடுத்தது மலைக் குளிர். கேமரன் மலையில் தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவில் வெப்பம் 15 டிகிரியை ஒட்டி இறங்கும். 1978 பிப்ரவரியில் அங்கே 7.8 டிகிரி பதிவானது. நாட்டின் மிகக் குறைந்த வெப்பநிலை என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். கெந்திங் இன்னும் உயரம், சுமார் 1,800 மீட்டர். அங்கே குளிரைவிட மூடுபனியும் காற்றும்தான் ஆளை வாட்டும். இந்த இரண்டு இடத்துக்கும் நடுத்தரக் கனமுள்ள ஃபிளீஸ் ஒன்று சரியாக இருக்கும்.

கினாபாலு தனி ரகம். உச்சி 4,095 மீட்டர். சுமார் 3,270 மீட்டரில் உள்ள பானாலாபானில் தங்கி, விடியலுக்கு வெகுநேரம் முன்பே கிளம்பி, வியர்க்க விறுவிறுக்க ஏறி, உச்சியில் ஏறத்தாழ உறைநிலையில் காற்றில் நிற்க வேண்டும். அங்கே ஃபிளீஸ் மட்டும் போதாது. லண்டன் குளிர்காலத்துக்கும் இமயமலை யாத்திரைக்கும் அப்படித்தான்: ஃபிளீஸ் உள்ளடுக்கு, அதற்கு மேலே வேறொன்று வேண்டும். அதைப் படி 7இல் பார்ப்போம்.

படி 2: கம்பளியின் கணக்கைப் பாருங்கள்

கம்பளி தாழ்ந்தது என்று நான் சொல்லவரவில்லை. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழுத்துக்கொண்டும், தொட்டால் நனைந்தது போலத் தெரியாத இழை அது. ஈரத்தை உள்வாங்கும்போது கொஞ்சம் வெப்பத்தையும் வெளிவிடுகிறது. நாலு நாள் போட்டாலும் அவ்வளவாக நாறாது. நெருப்புப் பட்டால் உருகாது, கருகி அணைந்துவிடும். பூஜையில் மடியாக உட்கார நம் பாட்டிமார் பட்டையும் கம்பளியையும் தவிர வேறெதையும் தொடமாட்டார்கள். ஹோமத்தீக்கு அருகில் உட்காருவதற்கும் அதுதான் பாதுகாப்பு.

சிக்கல், ஈரத்தை இழுக்கும் அதே குணம் நம் அலமாரிக்குள்ளும் வேலை செய்வதுதான். காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே மாதக்கணக்கில் மடிப்பில் கிடக்கும் கம்பளியில் முதலில் புழுங்கல் வாடை வரும், பிறகு பூசணம் படியும். அப்புறம் புழு. நம் வீட்டுச் சுவரில், மூலையில், ஃபேன் சுவிட்ச் பக்கத்தில், பூசணி விதை அளவில், சாம்பல் நிறத்தில், இரு முனையும் கூர்மையாக ஒரு சின்னக் கூடு ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிமெண்டுத் துணுக்கு என்று நினைத்துத் துடைத்தெறிவோம். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் ஒரு முனையிலிருந்து கறுத்த தலை வெளியே வந்து, கூட்டையும் இழுத்துக்கொண்டு நகரும். அந்துப்பூச்சி இனத்துப் புழு அது. மணலையும் தூசியையும் தன் பட்டிழையால் ஒட்டிக் கட்டிய கூட்டுக்குள்ளேயே வாழ்கிறது. சிலந்திவலை, உதிர்ந்த முடி, கம்பளி எல்லாம் அதற்கு உணவு. பாட்டியின் காஷ்மீர்ச் சால்வையில் குண்டூசித் தலை அளவில் ஓட்டைகள் இருந்தால் கரப்பானை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்.

பாலியெஸ்டர் இழை, சாதாரணக் காற்றில் தன் எடையில் 0.4 விழுக்காடு ஈரத்தைத்தான் ஏற்கும். கம்பளிக்கு அதே நிலையில் 16 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். பாலியெஸ்டரில் புழுவுக்குத் தின்ன எதுவும் இல்லை. துவைத்துத் தொங்கவிட்டால் அடுக்குமாடி பால்கனியில், மழைநாளில்கூட, ஒரே நாளில் காய்ந்துவிடும். கம்பளி ஸ்வெட்டரைப் படுக்கப்போட்டு இரண்டு நாள் காயவைக்க, வெயில் விழும் இடம் எத்தனை வீடுகளில் இருக்கிறது?

மெரினோ கம்பளி உள்பனியன் வாங்கப் பணமும் பராமரிக்கப் பொறுமையும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். ஒரே சட்டையில் பல நாள் நடக்கிற மலையேறிகளுக்கு அதற்கு இணை இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை கேமரன் போகும் குடும்பத்துக்கு அது தேவையே இல்லை.

படி 3: துணி எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இது தெரியாமல் கடைக்குப் போனால் விலைச்சீட்டைத்தான் பார்ப்போம்.

மான்செஸ்டரைச் சேர்ந்த ஒரு துணி அச்சு நிறுவனத்தில் வேலை செய்த வின்ஃபீல்டும் டிக்சனும் 1941இல் பாலியெஸ்டர் இழையை உருவாக்கினார்கள். நம் அப்பாக்கள் பெருமையோடு போட்ட 'டெரிலீன்' சட்டை அதன் வழி வந்ததுதான். வழுவழுப்பான அந்த இழையிலிருந்து கதகதப்பான துணி வர இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில் இருந்த மால்டன் மில்ஸ், படகோனியா நிறுவனத்தோடு சேர்ந்து முயன்று, 1979இல் ஃபிளீஸைக் கொண்டுவந்தது. 1993இல் குடிநீர்ப் பாட்டில்களை உருக்கி எடுத்த இழையிலிருந்தே ஃபிளீஸ் வந்தது. பாட்டிலும் பாலியெஸ்டரும் வேதியியலில் ஒரே பொருள். 1998இல் ஜப்பானின் யூனிக்லோ 1,900 யென்னுக்கு ஃபிளீஸ் சட்டை விற்றபோதுதான் மலையேறிகளின் உடை சாதாரண மக்களின் உடையானது.

லாரன்ஸ் ஆலைக்கு இன்னொரு கதையும் உண்டு. 1995 டிசம்பர் 11ஆம் தேதி அது பெருந்தீயில் எரிந்தது. முதலாளி ஏரன் ஃபியூயர்ஸ்டீன் காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு ஒதுங்காமல், ஆலையை மறுபடி கட்டும் காலத்திலும் தொழிலாளர்களுக்குச் சம்பளம் கொடுத்தார். 2001இல் நிறுவனம் திவாலானது. தொழில் நிர்வாக வகுப்புகளில் இந்த இரண்டு செய்தியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பலர் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

நம் பக்கத்திலும் இந்த இழைக்கு வேர் இருக்கிறது. இந்தியாவின் ரிலையன்ஸ் நிறுவனம் 2007இல் மலேசியாவிலிருந்த ஹுவாலோன் பாலியெஸ்டர் ஆலைகளை வாங்கி, ரெக்ரான் மலேசியா என்ற பெயரில் நீலாயிலும் மலாக்காவிலும் நடத்தத் தொடங்கியது. சிரம்பானுக்குப் போகும் வழியில் நாம் கடந்துபோகும் அதே நீலாய்தான்.

செய்முறை இதுதான். மெல்லிய பாலியெஸ்டர் நூலை வட்டப் பின்னல் எந்திரத்தில், ஒரு பக்கம் கண்ணிகள் நிற்கும்படி பின்னுகிறார்கள். கம்பி முள் பதித்த உருளைகளுக்கு இடையே அந்தத் துணியை ஓட்டும்போது கண்ணிகள் கிழிந்து, இழைகள் எழுந்து நிற்கின்றன. நிற்கும் இழைகளைக் கத்திரித்துச் சமப்படுத்துகிறார்கள். நம்மைச் சூடாக வைப்பது அந்த இழைகளுக்கு நடுவே அடைபட்டு நிற்கும் காற்று. காற்றைப்போல வெப்பத்தைத் தடுக்கும் பொருள் மலிவாக வேறெதுவும் இல்லை; அதை அசையாமல் பிடித்துவைப்பதற்குத்தான் இத்தனை வேலையும்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் புரியும். இழை படிந்துபோனால் கதகதப்பு போய்விடும். காற்று அடித்தால் உள்ளே நிற்கும் காற்று கலைந்துபோகும். எனவே காற்றில் ஃபிளீஸ் தனியாக உதவாது. நனைந்தாலும் இழை தண்ணீரை உறிஞ்சாது என்பதால் உதறிப் போட்டுக்கொண்டால் ஓரளவு சூடு மிஞ்சும்.

படி 4: லேபிளைப் படியுங்கள்

புதிதாக வாங்குபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. ஃபிளீஸ் என்ற பெயரில் குறைந்தது இரண்டு வெவ்வேறு துணிகள் விற்கப்படுகின்றன. திருப்பூரிலிருந்து உலகெங்கும் போகும் ஹூடிகளின் உட்புறம் வருடிவிட்ட பஞ்சு போல மெத்தென்று இருக்கும். அதற்கும் ஃபிளீஸ் என்றுதான் பெயர். அது பருத்தி, அல்லது பருத்தி பெரும்பங்காகக் கலந்தது. மாலில் சுற்றவும் மகன் கல்லூரிக்குப் போடவும் நன்றாக இருக்கும். மழைக்கோ வியர்வைக்கோ ஆகாது. நனைந்தால் கனத்துத் தொங்கும், உடம்புச் சூட்டை உறிஞ்சும், காயவும் காயாது. கினாபாலுவுக்குப் பருத்தி ஹூடியோடு போகாதீர்கள் என்று வழிகாட்டிகள் சொல்வது இதனால்தான்.

எனவே கழுத்துப் பட்டையில் இருக்கும் பெரிய எழுத்துகளை விட்டுவிட்டு, இடது பக்கத் தையலுக்குள் தொங்கும் சின்ன வெள்ளைச் சீட்டைத் திருப்புங்கள். 'பொலியெஸ்தர் 100%' என்றிருந்தால் நீங்கள் தேடுவது அதுதான். 'காபாஸ்' என்றிருந்தால் பருத்தி. நான்கைந்து விழுக்காடு ஸ்பாண்டெக்ஸ் கலந்திருந்தால் இழுவை கிடைக்கும், கெடுதல் இல்லை. முழு அக்ரிலிக் பார்க்கக் கம்பளி போலவே இருக்கும், சீக்கிரம் உருண்டை கட்டும்.

விளம்பரப் பெயர்களில் மைக்ரோ ஃபிளீஸ் என்பது மெல்லியது. போலார் ஃபிளீஸ் வழக்கமானது. ஷெர்பா என்றால் ஒரு பக்கம் ஆட்டுரோமம் போலச் சுருள் சுருளாக இருக்கும். பார்க்க அழகு, பைக்குள் இடத்தை அடைக்கும். கோரல், ஃபிளானல் என்று வருபவை நீண்ட, பளபளக்கும் இழையுள்ள போர்வைத் துணிகள். குழந்தைக்குப் போர்த்தலாம், மலையேற வேண்டாம்.

கனத்தைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று குறிப்பார்கள். 100 கிராம் மெல்லியது: பேருந்து, அலுவலகம், ஓடும்போது உள்ளடுக்கு. 200 நடுத்தரம்: கேமரன், கெந்திங், வெளிநாட்டில் கோட்டுக்கு உள்ளே. 300 தடித்தது. ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் 200ஐ வாங்குங்கள். 300 வாங்கியவர்கள் தாப்பா தாண்டி மலை ஏறும்வரை அதைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பதையும், ஊருக்கு வந்தபின் தொடாமல் விட்டுவிடுவதையும்தான் பார்க்கிறேன்.

படி 5: கடையில் கையால் சோதியுங்கள்

லேபிள் கிழிந்துபோயிருக்கலாம், கனம் எழுதாமல் இருக்கலாம். கையே கருவி.

துணியை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். வெளிச்சம் ஆங்காங்கே புள்ளியாகக் கசிந்தால் பின்னல் தளர்வு, இழை குறைவு. எல்லா இடத்திலும் ஒரே மங்கலாகத் தெரிந்தால் நல்லது. அடுத்து, கட்டைவிரலால் ஒரு இடத்தை அழுத்தித் தேய்த்துவிட்டு விடுங்கள். இழை உடனே எழும்ப வேண்டும். அழுத்திய பள்ளம் அப்படியே நின்றால் நாலைந்து சலவையில் தட்டையாகிவிடும். மேலே தொட்டால் இழைகள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வருகின்றனவா என்று பாருங்கள்; கறுப்புப் பேண்ட் போட்டுப் போனால் இந்தச் சோதனைக்கு வசதி. அக்குளிலும் கைமுட்டியிலும் இப்போதே உருண்டைகள் இருந்தால் பழைய சரக்கு, விட்டுவிடுங்கள். கடைசியாக, வாயை ஒட்டிவைத்து ஊதுங்கள். காற்று மறுபக்கம் தாராளமாக வரும். குறை அல்ல, ஃபிளீஸின் இயல்பே அது. எதுவுமே வரவில்லை என்றால் நடுவில் ஒரு காற்றுத்தடுப்புப் படலம் ஒட்டியிருக்கிறது என்று பொருள்: மோட்டார்சைக்கிளுக்கு உகந்தது, ஏறும்போது புழுங்கும்.

சாயத்தைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். பாலியெஸ்டரில் சாயம் உயர் வெப்பத்தில் ஏற்றப்படுவதால் பருத்தியைப்போல எளிதில் போகாது.

படி 6: கிள்ளான் பள்ளத்தாக்கில் எங்கே வாங்கலாம்

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் தேடி அலைய வேண்டாம். சேலைக்கும் பட்டுக்கும் பஞ்சாபி உடுப்புக்கும் பெயர்பெற்ற தெருக்கள் அவை. ஃபிளீஸ் அங்கே வியாபாரமே இல்லை. ஆனால் தையற்காரர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அதற்கு அடுத்த படியில் வருகிறேன்.

தைத்த உடுப்பு புதிதாக வேண்டுமென்றால் டெகத்லானின் மலையேற்றப் பிரிவில் கனம், பயன் எல்லாம் எழுதியே இருக்கும். தொடக்கக்காரருக்கு அது எளிது. யூனிக்லோ 2010இல் புக்கிட் பிந்தாங்கில் முதல் கடை திறந்ததிலிருந்து, ஆண்டுக் கடைசியில் குளிர்கால உடுப்புகளை இங்கேயும் வைக்கிறது. யுனிவர்சல் டிராவலர் முழுக்கவே குளிர்நாட்டுப் பயணிகளுக்கான உள்ளூர்க் கடை. அங்கே போனால் தேவைக்கு மேல் வாங்கிக்கொண்டு வரும் ஆபத்து உண்டு, பட்டியலோடு போங்கள்.

என் ஓட்டு பண்டல் கடைகளுக்கு. ஜப்பானிலும் கொரியாவிலும் ஒரு குளிர்காலம் போட்டுக் கழித்த ஃபிளீஸ்கள் மூட்டை மூட்டையாக இங்கே வந்து இறங்குகின்றன. ஜப்பானின் புக்ஆஃப் நிறுவனம் 2016 முதல் இங்கே நடத்தும் 'ஜாலான் ஜாலான் ஜப்பான்' கடைகளில் வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். சில்லறைப் பண்டல் கடைகளில் குவியலைக் கிளற வேண்டும். அங்கே வாங்கினால் இன்னொரு சாதகமும் இருக்கிறது: புதுத் துணி முதல் சில சலவைகளில்தான் அதிகமாக இழை உதிர்க்கும், பழையது அதைத் தாண்டி வந்திருக்கும். ஜிப்பை மூன்றுமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஃபிளீஸில் முதலில் கெடுவது துணியல்ல, ஜிப்.

மீட்டர் கணக்கில் துணி வேண்டுமென்றால் துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையின் பெரிய துணிக்கடைகளையும் நீலாய் 3 மொத்தச் சந்தையையும் பாருங்கள். கதர், ஷிஃபான் வரிசையில் கேட்காதீர்கள். போர்வைத் துணி, குழந்தைத் துணி இருக்கும் மாடியில் கேளுங்கள். பசார் மாலாமில் கிடைக்கும் கார்ட்டூன் போட்ட மலிவுப் போர்வையும் பெரும்பாலும் இதே துணிதான். இரண்டை வாங்கி வெட்டித் தைப்பது சிலசமயம் மீட்டர் விலையைவிட மலிவாக முடியும்.

போர்வைச் சந்தையில் ஃபிளீஸின் வீச்சு எவ்வளவு என்று அறிய வடஇந்தியாவின் பானிப்பட்டைப் பார்க்க வேண்டும். உலகம் கழித்த கம்பளி உடைகளைக் கிழித்து, நூலாக்கி, மலிவுப் போர்வை நெய்து பிழைத்த ஊர் அது. அந்த ஊரிலேயே பழங்கம்பளித் தறிகள் அடங்கி, போலார் ஃபிளீஸ் எந்திரங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டன. பயனீட்டாளருக்கு எடை குறைவு, நிறம் அதிகம், விலை மலிவு. மறுசுழற்சி செய்த கம்பளியின் இடத்தில் பெட்ரோலியத்திலிருந்து வந்த புது இழை உட்கார்ந்தது என்பது இந்தக் கணக்கின் மறுபக்கம்.

படி 7: தைப்பதும் உடுத்துவதும்

தையல் பழகுகிறவருக்கு ஃபிளீஸைவிடப் பொறுமையான துணி இல்லை. பின்னல் துணி என்றாலும் வெட்டிய ஓரம் பிரியாது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையற்காரரிடம் சால்வைத் துணியைக் கொடுத்து ஓரம் அடிக்கச் சொன்ன பெண்ணிடம் அவர் சொன்னார்: "அக்கா, இதுக்கு ஓவர்லாக் காசு வேணாம். நேரா வெட்டிட்டா அப்படியே போடலாம். அழகுக்கு வேணும்னா ஓரத்துல ஒரு தையல் ஓட்டித் தரேன்." அதிகம் தெரிந்தவர் குறைவாக வாங்கினார்.

வழக்கமாகத் துணியின் அகலம் 150 சென்டிமீட்டர். சால்வைக்கு 60 முதல் 70 சென்டிமீட்டர் வாங்கினால் போதும். கையில்லாத சட்டைக்கு ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக, பெரியவர் போர்வைக்கு இரண்டு மீட்டர். முதல் முயற்சிக்குச் சால்வையே சரி.

வெளிப்பக்கம் எது என்று குழப்பம் வரும், இரண்டு பக்கமும் ஒரேபோல இருக்கும். வெட்டிய ஓரத்தை அகலவாக்கில் இழுங்கள். துணி எந்தப் பக்கம் சுருளுகிறதோ அது உட்பக்கம். உடனே சாக்பீஸால் ஒரு குறி போட்டுவிடுங்கள். உள்ளங்கையால் தடவினால் ஒரு திசையில் வழுவழுப்பும் எதிர்த் திசையில் தடையும் தெரியும். எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வெட்டாவிட்டால் ஒரே துணி இரண்டு நிறமாகத் தெரியும்.

ஊசி, பின்னல் துணிக்கான உருண்டை முனை ஊசி; 90 அளவு நடுத்தரக் கனத்துக்குச் சரி. பாலியெஸ்டர் நூல். தையல் நீளத்தை 3 மில்லிமீட்டருக்கு மேலே வையுங்கள், சின்னத் தையல் துணியை அலையலையாக்கும். குண்டூசி தடித்த இழைக்குள் மறைந்து நடுத்தையலில் ஊசியை உடைக்கும். துணி காயப்போடும் கிளிப்பே மேல். தைத்த பிறகு அயர்ன் வைக்க வேண்டாம், மடிப்பை விரலால் நீவினால் போதும். சூடான அயர்ன் பட்ட இடத்தில் இழை உருகி, கண்ணாடிபோல மின்னும் ஒரு தழும்பு நிற்கும். அதைச் சரிசெய்யவே முடியாது. வேலை முடிந்ததும் எந்திரத்தின் பாபின் பெட்டியைத் திறந்து தூசைத் தட்டுங்கள், ஒரு பந்து வரும்.

உடுத்தும் முறைக்கு வருவோம். கேமரனில் மாலை நடைக்குச் சாதாரணச் சட்டைக்கு மேல் ஃபிளீஸ் போட்டால் போதும், கையில் ஒரு மெல்லிய மழைச்சட்டை. கெந்திங் காற்றில் அந்த மழைச்சட்டையை மேலே போட்டவுடன் வித்தியாசம் தெரியும். கினாபாலுவிலும் இமயத்திலும் மூன்று அடுக்கு: உடம்பை ஒட்டி வியர்வையை வெளியே தள்ளும் செயற்கை இழை அல்லது மெரினோ உள்பனியன், நடுவே ஃபிளீஸ், மேலே காற்றும் மழையும் நுழையாத மேலுடை. ஏறும்போது ஃபிளீஸைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், நிற்கும்போது போடுங்கள். சேலை கட்டி யாத்திரை போகிறவர்களுக்கு முன்பக்கம் ஜிப் வைத்த மெல்லிய ஃபிளீஸை ரவிக்கைக்கு மேல் போட்டு அதன்மேல் முந்தானையைப் போடுவது, சால்வையைப் பிடித்துக்கொண்டே நடப்பதைவிட வசதி.

நெருப்பு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். பாலியெஸ்டர் சுமார் 255 முதல் 260 டிகிரியில் உருகும். உருகிய துளி தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். கேமரன் மலையின் பிரிஞ்சாங்கில் குளிருக்கு இதமாக ஸ்டீம்போட் சுற்றி உட்காரும்போது, தொங்கும் ஃபிளீஸ் கை அடுப்புக்கு மேலாக நீள்வதைப் பல மேசைகளில் பார்க்கலாம்; கையைச் சுருட்டிவிட்டு இறாலை எடுங்கள். கற்பூர ஆரத்தி, தீபாவளி மத்தாப்பு, ஹோமம், முகாம் நெருப்பு எதற்கும் ஃபிளீஸ் உடுப்பு வேண்டாம். யாத்திரையில் பூஜைக்கு உட்காரும்போது பாட்டியின் கம்பளிச் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள்.

படி 8: துவைப்பது, காயவைப்பது, வைப்பது

வாடை வந்தால்தான் துவைக்க வேண்டும். ஒரு கேமரன் பயணத்துக்கு ஒரு சலவை என்பதே அதிகம். வாடையைப் பிடித்துவைப்பதில் பாலியெஸ்டர் கம்பளியைவிட மோசம் என்பது உண்மை. உள்ளே ஒரு சட்டை போட்டுக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

குறைவாகத் துவைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பிளைமவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, 6 கிலோ பாலியெஸ்டர் துணியை ஒருமுறை துவைத்தால் ஏறத்தாழ 5 லட்சம் நுண்ணிழைகள் உதிரக்கூடும். அக்ரிலிக்கில் 7 லட்சத்துக்கும் மேல். சாக்கடை வழியாக ஆற்றுக்கும், கிள்ளான் ஆறு போய்ச் சேரும் கடலுக்கும் அது போகிறது. கம்பளி இழை மட்கும், இது மட்காது. ஃபிளீஸை ஆதரித்து எழுதும் எனக்கு இதற்கு முழுப் பதில் இல்லை; உதிர்வதைக் குறைக்க மட்டும் வழி சொல்ல முடியும்.

உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, ஜிப்பைப் பூட்டி, குளிர்ந்த தண்ணீரில், குறைந்த நேரச் சுற்றில் போடுங்கள். தொட்டியில் துணி நிறைய இருந்தால் உரசலும் உதிர்வும் குறைவு. ஒற்றை ஃபிளீஸுக்காக எந்திரத்தை ஓட்டாதீர்கள். ஜீன்ஸோடும் துண்டோடும் சேர்க்க வேண்டாம். ஜீன்ஸ் உரசும், துண்டின் பஞ்சு முழுக்க ஃபிளீஸில் ஒட்டும். வாசனை சாஃப்ட்னர் வேண்டவே வேண்டாம். இழைகளின் மேல் படிந்து அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். சலவை எந்திரத்தின் வடிகட்டிப் பையில் சேரும் இழைப்பஞ்சைக் கழுவும் தொட்டியில் அலசாமல் குப்பையில் போடுங்கள்.

இப்போது தெருவுக்குத் தெரு வந்துவிட்ட சுயசேவை டோபி கடைகளின் உலர்த்தியில் போடாதீர்கள். அந்தச் சூட்டில் மெத்தென்ற இழை சுருண்டு சொரசொரப்பாகிவிடும். நிழலில் தொங்கவிட்டாலே காய்ந்துவிடும் துணிக்கு வெள்ளி செலவழிப்பானேன்?

வைக்கும் முறையில் கவனிக்க இரண்டே விஷயம். பாலியெஸ்டரைப் பூசணம் தின்னாது என்றாலும், துணியில் ஒட்டிய வியர்வையும் எண்ணெய்க் கறையும் சேர்ந்தால் ஈர அலமாரியில் அதன்மேல் புள்ளி விழும். எனவே பயணத்திலிருந்து வந்த உடுப்பை அப்படியே மடித்துவைக்காமல் சுத்தமாகவும் நன்றாகக் காய்ந்ததாகவும் வையுங்கள். அடுத்து, பைக்குள் இறுக்கி அழுத்தி வைக்காதீர்கள். காற்றை உறிஞ்சும் பிளாஸ்டிக் பைகளை இதற்குப் பயன்படுத்தினால் ஆறு மாதத்தில் இழை படுத்துவிடும். தளர்வாக மடித்து மேல்தட்டில் போட்டாலே போதும். நாப்தலீன் உருண்டையும் வேண்டாம். தின்ன வருகிறவர் யாருமில்லை.

இழை தட்டையாகி, முழங்கை மெலிந்து, சூடு தராமல் போனதும் உடனே குப்பைக்கு அனுப்பாதீர்கள். வெட்டினால் பிரியாத துணி என்பதால் நாய், பூனைப் படுக்கைக்கும், மோட்டார்சைக்கிள் துடைக்கவும், கண்ணாடிச் சாமான்களைச் சுற்றி வீடு மாற்றவும் இன்னும் சில வருடம் உழைக்கும். அடுப்படியில் பிடிதுணியாக மட்டும் போட்டுவிட வேண்டாம். சூடான இருப்புச்சட்டியைப் பிடித்தால் கை சுடும், சட்டியிலும் ஒட்டும்.